குவாண்டம் அறிவியலுக்கு மாணவர்களே நடத்தும் ஒருநாள் மாநாடு: எங்களைப் போன்ற கல்லூரியில் சாத்தியமா?

மூன்றாமாண்டு_முதல்பெஞ்ச் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். தென் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். துறை மன்றத்துக்கு இந்த வருடம் நான்தான் செயலாளர். வழக்கமாக பிப்ரவரியில் ஒரு சிம்போசியம் நடத்துவோம். பேப்பர் பிரசன்டேஷன், க்விஸ், கனெக்‌ஷன்ஸ், அட்ஜாப், கடைசியில் ஒரு ஆட்டம். பேப்பர் வாசிக்க வருகிறவர்கள் இணையத்தில் எடுத்ததை அப்படியே வாசித்துவிட்டுச் சான்றிதழோடு போய்விடுவார்கள். நானும் அப்படிப் போய் இரண்டு வாங்கியிருக்கிறேன், மறைப்பதற்கில்லை.

இந்த முறை குவாண்டம் மட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். மாணவர்களே பேச வேண்டும், மாணவர்களே கேள்வி கேட்க வேண்டும். ஷ்ரோடிங்கர் சமன்பாடும் பெட்டிக்குள் துகளும் படித்தாயிற்று. பத்து மார்க் கேள்விக்கு வரி மாறாமல் எழுதுவேன். ஆனால் போன வாரம் பி.சி.ஏ. படிக்கும் தோழி ஒருத்தி "க்யூபிட்னா என்னடி?" என்று கேட்டாள். குவாண்டம் கணினியின் பிட் என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. அங்கே ஆரம்பித்ததுதான் இது.

கையில் இருப்பது ஒரு சனிக்கிழமைக்குச் செமினார் ஹால், துறைத் தலைவர் ஒப்புக்கொண்ட 15,000 ரூபாய், உழைக்க ஒன்பது பேர். ப்ரொஜெக்டர் உண்டு, ஆனால் வெயில் ஏறினால் திரையில் ஒன்றும் தெரியாது. யாரைக் கூப்பிடுவது? எதைப் பேசுவது? செய்துகாட்ட ஏதாவது இருக்கிறதா? நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

---

சான்றிதழ்_சேகரிப்பாளன்

தம்பி, முதலில் தொடக்க விழாவைக் கவனி. நான் படித்த கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். பத்து மணிக்கு ஆரம்பம் என்று அழைப்பிதழில் போட்டார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை, ஆறு பேருக்குப் பொன்னாடை, ஆறு நினைவுப்பரிசு. சிறப்பு விருந்தினர் மைக்கைத் தொடும்போது மணி 11:50. அவர் தன் சின்ன வயதுக் கஷ்டங்களைச் சொல்லி முடித்ததும் சாப்பாட்டு மணி. பேப்பர் வாசிக்க வந்த முப்பது பேரையும் மூன்று வகுப்பறையில் பிரித்து, ஆளுக்கு நான்கு நிமிடம் கொடுத்து முடித்துவிட்டார்கள். என் ஸ்லைடில் பாதி அப்படியே நின்றது.

குத்துவிளக்கை ஏற்றிவிட்டு நேராக முதல் பேச்சுக்குப் போங்கள். வாழ்த்துரையைக் கடைசியில் வையுங்கள். அதற்குள் பெரியவர்களுக்கே கிளம்புகிற அவசரம் வந்துவிடும்.

---

மூன்றாமாண்டு_முதல்பெஞ்ச்

அண்ணா, தம்பி இல்லை, தங்கச்சி. :) வாழ்த்துரை யோசனையைக் குறித்துக்கொண்டேன். துறைத் தலைவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கண்டத்தில் பெரிய கண்டம்.

---

கரும்பலகை

நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். உற்சாகத்தைக் கெடுப்பதாக நினைக்க வேண்டாம், இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும்.

மாணவர்களே பேசும் நிகழ்ச்சிகளில் தப்பான விளக்கம் ஒன்று மேடையேறினால் அது அந்த ஹாலிலேயே பத்து வருடம் குடியிருக்கும். "க்யூபிட் ஒரே நேரத்தில் 0 ஆகவும் 1 ஆகவும் இருக்கும், அதனால் எல்லா விடையையும் ஒரே சமயத்தில் கணக்கிட்டுவிடும்" என்ற வாக்கியத்தை எத்தனை மேடையில் கேட்டிருக்கிறேன் தெரியுமா? அது உண்மையானால் குவாண்டம் கணினிக்கு அல்காரிதம் எழுத ஆளே தேவையில்லை. அதேபோல, பிணைந்த (ஒன்றை அளந்தால் வரும் விடை மற்றதன் விடையோடு ஒட்டியே இருக்கும்) இரண்டு துகள்களை வைத்து ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாம் என்பதும் தப்பு. அனுப்ப முடியாது.

இன்னொன்று கணக்கு. முழு நேரியல் இயற்கணிதம் வேண்டாம், இரண்டுக்கு இரண்டு அணி போதும். அதை வைத்தே மாணவர்கள் அசந்துபோகிற ஒன்றைக் காட்டலாம். ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். தலையா பூவா, பாதிக்குப் பாதி. பார்க்காமல் இன்னொரு தடவை சுண்டுங்கள். அப்போதும் பாதிக்குப் பாதிதான். இப்போது 0 நிலையில் உள்ள க்யூபிட்டை ஹடமார்ட் கேட் (க்யூபிட்டின் நிலையை மாற்றும் ஒரு செயல், கணக்கில் ஒரு இரண்டுக்கு இரண்டு அணி) வழியாக அனுப்பி அளந்தால் அதேபோல 0 பாதி, 1 பாதி. சரி, இதுவும் நாணயம்தானே என்று தோன்றும். ஆனால் நடுவில் அளக்காமல் அதே கேட்டில் இரண்டாவது தடவை அனுப்பினால் பாதிக்குப் பாதி வராது. ஒவ்வொரு தடவையும் 0 மட்டும்தான் வரும். 1-க்குப் போகும் இரண்டு வழிகளில் ஒன்றின் வீச்சு (இதன் வர்க்கம்தான் நிகழ்தகவு) கூட்டல் குறியோடு வருகிறது, மற்றது கழித்தல் குறியோடு வருகிறது, இரண்டும் அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. நிகழ்தகவுக்குக் கழித்தல் குறி கிடையாது, வீச்சுக்கு உண்டு. நாணயத்துக்கும் க்யூபிட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இதைப் பலகையில் நான்கு வரியில் போட்டுக் காட்டலாம்.

ஒரு மாணவி இதைத் தடங்கலில்லாமல் சொல்லிவிட்டால் அன்றைய நாள் வீண் இல்லை என்பேன். மற்றதெல்லாம் போனஸ்.

---

பனிக்கட்டியில்_ஒரு_தமிழச்சி

மேலே கரும்பலகை சார் (மேடமா?) சொன்னது சரி. ஆனால் மாணவர்கள் நடத்தினாலே தப்பு பரவும் என்ற கவலையை நான் முழுக்க ஏற்கவில்லை. நான் வெளிநாட்டில் சூப்பர்கண்டக்டிங் க்யூபிட்டில் (மின்தடையே இல்லாத சுற்றில் செய்யும் க்யூபிட்) பிஎச்.டி. செய்கிறேன். இளங்கலை படித்தது தமிழ்நாட்டில், பெரிய பெயர் இல்லாத கல்லூரியில்.

மாணவர்களே நடத்தும் இயற்பியல் மாநாடு புதிய சரக்கு இல்லை. ஐசிபிஎஸ் என்ற உலக இயற்பியல் மாணவர் மாநாட்டை 1986-இல் புடாபெஸ்டில் ஹங்கேரி மாணவர்கள் ஆரம்பித்தார்கள். வருடம் ஒரு நாட்டில், இன்றுவரை மாணவர்கள் கையில்தான் நடக்கிறது. அமெரிக்காவில் இளங்கலை இயற்பியல் மாணவிகளுக்கான மாநாடு 2006-இல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதையும் தொடங்கியது மாணவிகள்தான். இப்போது ஜனவரியில் ஒரே வார இறுதியில் பல ஊர்களில் நடக்கிறது. குவாண்டத்துக்கென்றே எம்ஐடி மாணவர்கள் ஐக்யூஹேக் என்ற ஹேக்கத்தானை 2020 முதல் நடத்துகிறார்கள். க்யூபிட் என்ற சொல்லையே அன்றுதான் கேட்ட பிள்ளைகளும் வரலாம் என்பது அதில் நல்ல விஷயம்.

ஏன், நம் ஊரிலேயே பாருங்கள். 1928-இல் ஜெர்மானிய விஞ்ஞானி சோமர்ஃபெல்ட் மெட்ராஸ் வந்தார். பிரசிடென்சி கல்லூரியில் பி.ஏ. ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் அவருடைய புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தார், நேரில் போய்ப் பார்த்தார். சோமர்ஃபெல்ட் என்ன சொன்னார் தெரியுமா? "அந்தப் புத்தகத்தில் இருப்பது பழசாகிவிட்டது, ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர் எல்லாம் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள்" என்ற பொருளில் சொல்லி, உலோகத்தில் எலக்ட்ரான்கள் பற்றித் தான் எழுதி அப்போது இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப்படியைக் கொடுத்தார். மாணவர் அதை வைத்துப் புதிய குவாண்டம் புள்ளியியலைத் தானே படித்து ஒரு கட்டுரை எழுதினார். 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அது வந்தது. அந்த மாணவர், பின்னாளில் நோபல் வாங்கிய எஸ். சந்திரசேகர்.

பாடத்திட்டம் சந்திரசேகருக்குக் குவாண்டத்தைக் கொண்டுவந்து தரவில்லை. ஒரு சந்திப்பும் ஒரு அச்சுப்படியும் தந்தன. உங்கள் சனிக்கிழமை யாரோ ஒருத்திக்கு அந்த அச்சுப்படியாக இருந்தால் போதும்.

---

அம்பத்தூர்_ஷிஃப்ட்

கதை நன்றாக இருக்கிறது. எல்லாருமா சந்திரசேகர்? பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு நான் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறேன். குவாண்டத்தில் வேலை இருக்கிறதா என்று அந்த மேடையில் ஒருவராவது நேர்மையாகச் சொல்வாரா? 6,000 கோடி, 6,000 கோடி என்கிறார்கள்.

---

பழைய_பஸ்பாஸ்

சென்னையில் நெட்வொர்க் செக்யூரிட்டியில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த அளவு சொல்கிறேன். தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் கொடுத்தது. தொகை 6,003.65 கோடி, 2030-31 வரைக்கும். நான்கு மையங்கள் போட்டிருக்கிறார்கள். கணினிக்குப் பெங்களூர் ஐஐஎஸ்சி, தகவல்தொடர்புக்குச் சென்னை ஐஐடி, உணரிகளுக்கு மும்பை ஐஐடி, பொருட்களுக்கு டெல்லி ஐஐடி. இதில் பெரும்பாலான பணம் ஆராய்ச்சிக்கு. பி.எஸ்சி. முடித்த கையோடு "குவாண்டம் இன்ஜினியர்" என்று யாரும் கூப்பிட்டு உட்கார வைக்கப் போவதில்லை. அப்படிச் சொல்லிக் கட்டணம் வாங்கும் கோர்ஸ்களைக் கண்டால் ஓடுங்கள்.

ஆனால் பக்கத்தில் வேலை இருக்கிறது. பெரிய குவாண்டம் கணினி வந்தால் இணையத்தில் ரகசியம் காக்கும் இன்றைய ஆர்எஸ்ஏ பூட்டு உடையும் என்பது 1994-இல் கணிதவியலாளர் ஷோர் காட்டிய கணக்கு. அது எப்போது வரும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் பூட்டை மாற்றும் வேலை இப்போதே ஆரம்பித்துவிட்டது. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட், குவாண்டம் கணினியையும் தாங்கும் பூட்டுகளுக்காக 2024 ஆகஸ்டில் மூன்று புதிய தரநிலைகளை வெளியிட்டது. வங்கிகளில் எந்த மூலையில் எந்தப் பழைய பூட்டு தொங்குகிறது என்று கணக்கெடுப்பதே இரண்டு மூன்று வருட வேலை. இதற்கு ஷ்ரோடிங்கர் தேவையில்லை.

அப்புறம் தம்பி, நீங்கள் ஓட்டும் மெஷினைக் குறைத்துப் பேசாதீர்கள். குவாண்டம் கணினிக்கு வேண்டிய குளிர்விப்பான், வெற்றிடக் கலன், மைக்ரோவேவ் பெட்டி எல்லாமே யாரோ ஒருவர் கடைந்து கொடுத்ததுதான்.

---

அம்பத்தூர்_ஷிஃப்ட்

சரிண்ணா. இதை அப்படியே மேடையில் யாராவது சொன்னால் நான் லீவு போட்டு வருகிறேன்.

---

யாழ்ப்பாணத்துப்_பௌதிகம்

ஒரு சின்னக் குறுக்கீடு. நீங்கள் தமிழ்நாட்டில் "குவாண்டம் எண்" என்கிறீர்கள். நாங்கள் இலங்கையில் உயர்தரத்தில் (உங்கள் பிளஸ் டூ) "முதன்மைச் சக்திச்சொட்டெண்" என்று படித்தனாங்கள். சொட்டு என்று கேட்டவுடனே பைப்பிலிருந்து தண்ணீர் ஒழுகாமல் சொட்டுச் சொட்டாக விழுகிறது கண்ணுக்குள் வரும். ஆற்றல் தொடர்ச்சியாக வராமல் சொட்டுச் சொட்டாக வரும் என்று பிளாங்க் சொன்னதும் அதுதானே. தங்கச்சி, பேச்சில் ஒரு இடத்திலாவது அந்தச் சொல்லைப் போட்டுப் பாருங்கோ. பெயர்ப்பலகையில் வேண்டாம், ஒருவருக்கும் விளங்காது.

---

மூன்றாமாண்டு_முதல்பெஞ்ச்

அண்ணா, சொட்டு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. முதல் பேச்சே அதில்தான் ஆரம்பம்.

இதுவரை முடிவானது இவ்வளவு. பேச்சு நான்கு, ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம், அதன் பிறகு கேள்விக்குக் கட்டாயம் பத்து நிமிடம். ஸ்லைடு கிடையாது, பலகை மட்டும். (ப்ரொஜெக்டர் பிரச்சினைக்கும் அதுவே தீர்வு.) பேசுகிறவர் இணையத்தில் எடுத்ததை வாசிக்கவே முடியாது. செய்துகாட்ட ஏதாவது வேண்டும் என்று கேட்டிருந்தேனே?

---

ரிச்சி_தெரு_ரிப்பேர்

மூன்று போலரைசர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) வேண்டும். கதையோடு சொல்கிறேன்.

இரண்டு போலரைசர் ஃபிலிமைக் குறுக்கே வைத்தால் வெளிச்சம் நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதை 45 டிகிரியில் சொருகினால் வெளிச்சம் திரும்ப வரும். தடுப்பு ஒன்று கூடியிருக்கிறது, வெளிச்சமும் கூடுகிறது. நான் படித்தபோது ஒரு பள்ளியில் இதைச் செய்துகாட்டப் போனேன். ஃபிலிம் வாங்கக் காசில்லாமல், சினிமா தியேட்டர் 3டி கண்ணாடிகளைக் கொண்டுபோனேன். நூறு பிள்ளைகள் பார்க்க மேடையில் இரண்டை வைத்துச் சுழற்றுகிறேன், சுழற்றுகிறேன், வெளிச்சம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வேர்த்துவிட்டது. முன்வரிசையில் ஒரு பையன், "சார், படம் ஓடலையா?" என்றான்.

வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கண்ணாடியில் முன்பக்கம் கால் அலைத் தகடு ஒன்று ஒட்டியிருக்கும். அது வட்டத் தளவிளைவுக்கானது, அதாவது திருகுபோல் சுழன்று வரும் ஒளிக்கானது. ஒரே பக்கம் பார்த்து அடுக்கினால் எந்தக் கோணத்திலும் பாதி வெளிச்சம் வரும். கண் பக்கங்கள் இரண்டையும் முதுகோடு முதுகாக வைத்திருந்தால் இரண்டு வரை சமாளித்திருக்கலாம். மூன்றாவது வந்தால் கதை கந்தல்.

அதனால் உடைந்த எல்சிடி மானிட்டர் அல்லது லேப்டாப் திரை ஒன்றைச் சர்வீஸ் கடையில் கேட்டு வாங்குங்கள். முன்னும் பின்னும் ஒவ்வொரு ஷீட் போலரைசர் ஒட்டியிருக்கும். ஹேர் டிரையரால் சூடுகாட்டி மூலையிலிருந்து பொறுமையாக உரித்தால் ஒரு திரையிலேயே முப்பது பேருக்குத் துண்டு வெட்டலாம். கண்ணாடி கையைக் கிழிக்கும், கையுறை போடுங்கள். வெட்டும்போது எந்தப் பக்கம் மேல் என்று மார்க்கரால் கோடு போட மறக்காதீர்கள், மறந்தால் அரை நாள் போச்சு.

---

கரும்பலகை

செய்யுங்கள், அழகான சோதனை. ஆனால் இதைக் "குவாண்டம் சோதனை" என்று அறிவிக்காதீர்கள். முதல் தாளைத் தாண்டிய வெளிச்சத்தில் கடைசியில் கால் பங்கு வரும் என்பது மேலஸ் விதி, குவாண்டத்துக்கு நூறு வருடம் முந்தையது. அலை என்று எடுத்துக்கொண்டாலே விளக்கம் கிடைத்துவிடும்.

---

பனிக்கட்டியில்_ஒரு_தமிழச்சி

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்களேன். வெளிச்சத்தைக் குறைத்துக் குறைத்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஃபோட்டான் போகிற மாதிரி ஆக்கினால்? ஃபோட்டான் கால்பங்காக உடையாது. போகும், அல்லது போகாது. எது போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இங்கேதான் அலைக் கணக்கு கைவிடுகிறது, குவாண்டம் ஆரம்பிக்கிறது. யாழ்ப்பாணத்து அண்ணாவின் சொட்டு இங்கேயும் வேலை செய்கிறது. காட்டுவது அலை, கேட்பது குவாண்டம் என்று இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டால் பொய் இல்லை.

---

கரும்பலகை

அப்படிச் சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை. (மேடம்தான்.)

---

பழைய_பஸ்பாஸ்

போலரைசர் எடுத்தாயிற்று என்றால் அடுத்தது பிபி84. சார்ல்ஸ் பென்னட், ஜில் பிராசார்ட் இருவரும் 1984-இல் கொடுத்த குவாண்டம் சாவிப் பரிமாற்றம், அதாவது செய்தியைப் பூட்டும் ரகசியச் சாவியை ஒட்டுக்கேட்பவருக்குச் சிக்காமல் இருவர் பகிர்ந்துகொள்ளும் முறை. அந்தக் கட்டுரை எங்கே வாசிக்கப்பட்டது என்று நினைக்கிறீர்கள்? பெங்களூரில், 1984 டிசம்பரில், கணினி மற்றும் சிக்னல் பிராசஸிங் மாநாடு ஒன்றில். இன்று உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள், நம் ஊரிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது இறங்குகிற இடம்.

அந்த இருவரும் முதலில் சந்தித்ததும் ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில்தான். 1979-இல் போர்ட்டோ ரிக்கோ, கடலில் நீந்திக்கொண்டிருந்த பிராசார்டிடம் முன்பின் தெரியாத ஒருவர் நீந்தி வந்து, யாராலும் நகலெடுக்க முடியாத குவாண்டம் ரூபாய் நோட்டு பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர்தான் பென்னட். ஆக, உங்கள் நிகழ்ச்சி நிரலில் டீ இடைவேளையைக் குறைக்காதீர்கள்.

---

சான்றிதழ்_சேகரிப்பாளன்

வடை உண்டா என்பதையும் நிரலில் போடவும்.

---

மூன்றாமாண்டு_முதல்பெஞ்ச் (ஆறு வாரம் கழித்து)

எல்லாருக்கும் வணக்கம். நேற்று முன்தினம் நடந்து முடிந்தது. நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

வந்தது 112 பேர். நான்கு கல்லூரி, எங்கள் பி.சி.ஏ. பிள்ளைகளும் சேர்த்தி. குத்துவிளக்கு 9:40, முதல் பேச்சு 9:55. துறைத் தலைவர், "வாழ்த்துரை கடைசியிலா? எனக்கும் வீட்டுக்குப் போகணும்ல" என்று சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். சாயங்காலம் இரண்டே நிமிடத்தில் முடித்துக்கொண்டார்.

முதல் பேச்சு சொட்டு. நன்றாகப் போனது. இரண்டாவது நான், ஹடமார்ட். நாணயம் சுண்டினேன், பலகையில் நான்கு வரி போட்டேன். மூன்றாவது வரியில் குறியைத் தப்பாக எழுதிவிட்டேன். கூட்டினால் 1 வருகிறது, 0 போய்விடுகிறது. நின்றுவிட்டேன். பின்னாலிருந்து பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர், "கீழ் வரிசையில் ரெண்டாவது எலிமென்ட் மைனஸ்" என்றார். அழித்து எழுதினேன். கரும்பலகை மேடம், அந்தக் கழித்தல் குறி எனக்கு இனி சாகும்வரை மறக்காது. வந்திருந்தவர்களுக்கும் மறக்காது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் இடம் மாறிய குறி என்ன செய்யும் என்று நேரிலேயே பார்த்துவிட்டார்கள்.

ஐபிஎம்மின் நிஜக் குவாண்டம் கணினியில், இரண்டு க்யூபிட்டைப் பிணைக்கும் ஒரு சர்க்யூட்டையும் ஓட்டினோம். இலவசக் கணக்கில் மாதம் பத்து நிமிடம்தான் கிடைக்கும், வரிசையிலும் நிற்க வேண்டும், அதனால் முந்தின ராத்திரியே ஓட்டிப் பிரின்ட் எடுத்து ஒட்டிவிட்டோம். 1024 தடவையில் 00 வந்தது 498, 11 வந்தது 489. மீதி 37 தடவை வரவே கூடாத 01, 10. ஒரு பையன், "பிணைப்பு அறுந்துபோச்சா?" என்றான். கருவியின் இரைச்சல் என்று என் தோழி விளக்கினாள். கூடவே 2025 நோபல் வாங்கிய கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் மூவரும் பெர்க்லியில் சூப்பர்கண்டக்டிங் சுற்றில் சோதனை செய்தபோது மார்ட்டினிஸ் மாணவர்தான் என்பதையும் சொன்னாள். அதற்கு ஒரு கைதட்டு.

மதியத்துக்கு மேல் பிபி84 ஆட்டம். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

புத்தகத்தில் சாவியை அனுப்புகிறவர் ஆலிஸ், வாங்குகிறவர் பாப், ஒட்டுக்கேட்கிறவர் ஈவ். நாங்கள் அல்லி, பாபு, ஈஸ்வரி என்று வைத்துக்கொண்டோம். அல்லி ஒரு அட்டையில் 0 அல்லது 1 எழுதி, கூட்டல் குறியா பெருக்கல் குறியா என்று அடிப்படையையும் (போலரைசரை நேராக வைப்பதா, 45 டிகிரி சாய்ப்பதா என்பது மாதிரி) எழுதிக் கவரில் போடுவாள். பாபு கவரைப் பிரிக்கக் கூடாது, எந்த அடிப்படையில் அளக்கப் போகிறேன் என்று மட்டும் சொல்வான். கவரைப் பிரிக்கும் உரிமை ஒரே ஆளுக்கு. அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் "இயற்கை". அடிப்படை ஒத்துப்போனால் இயற்கை உள்ளே இருப்பதை அப்படியே சொல்வாள். ஒத்துப்போகாவிட்டால் நாணயத்தைச் சுண்டி, விழுந்ததைச் சொல்வாள். இயற்கையாக உட்கார்ந்தவள் இரண்டாமாண்டு மாணவி, வகுப்பில் வாயே திறக்காதவள். இரண்டு மணி நேரம் ஒரு முகபாவமும் காட்டாமல் நாணயம் சுண்டிக்கொண்டிருந்தாள். பசங்கள் கெஞ்சியும் கவரைக் காட்டவில்லை.

முதல் சுற்றில் ஈஸ்வரி கிடையாது. 48 கவர். அடிப்படை ஒத்துப்போனது 23, சாவி இதிலிருந்துதான். அந்த 23-இல் பிட் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும், ஆனால் ஒன்று மட்டும் மாறியிருந்தது. விசாரித்தால், இயற்கை ஒரு கவரை அவசரத்தில் தப்பாகப் படித்துவிட்டாள்.

இரண்டாவது சுற்றில் ஈஸ்வரியை நடுவில் விட்டோம். அவளும் ஒவ்வொரு கவரையும் அளக்கலாம். ஆனால் அளந்த பிறகு பழைய அட்டையை இயற்கை கிழித்துவிட்டு, ஈஸ்வரி எந்த அடிப்படையில் என்ன பார்த்தாளோ அதையே புது அட்டையில் எழுதி பாபுவுக்கு அனுப்புவாள். ஈஸ்வரியாக இருந்த பையன், "பிரிக்காம ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கிறேனே" என்றான். எடுக்க முடியாது, தெரியாத குவாண்டம் நிலையை நகலெடுக்க இயற்கையே விடாது என்று பதில் சொன்னோம். "அந்த இயற்கையிடம் நான் பேசிக்கிறேன்" என்று எழுந்தே விட்டான். ஹால் முழுக்கச் சிரிப்பு. இந்தச் சுற்றில் ஒத்துப்போனது 25, மாறியது 7. நாலில் ஒன்று மாற வேண்டும் என்பது கணக்கு. ஈஸ்வரி பாதித் தடவை தப்பான அடிப்படையைத் தேர்ந்தெடுப்பாள், அதில் பாதித் தடவை பாபுவுக்குத் தப்பான பிட் வரும்.

இங்கேதான் நாங்கள் தயார் செய்யாத கேள்வி வந்தது. பி.சி.ஏ. தோழி, க்யூபிட் என்றால் என்ன என்று கேட்டவளே எழுந்து, "முதல் சுற்றிலும் ஒன்று தப்பாச்சே. அது இயற்கையோட தப்பா, ஒளிஞ்சிருந்த ஈஸ்வரியா? எப்படித் தெரியும்?" என்றாள். மேடையில் நாங்கள் மூன்று பேர், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தெரியாது என்று சொல்லிவிட்டோம். டீ இடைவேளையில் (வடை உண்டு, மெதுவடை) ஏழெட்டுப் பேர் அதே பேச்சு. ஈஸ்வரி எல்லாக் கவரையும் தொடாமல் நாலில் ஒன்றை மட்டும் தொட்டால் பிழை பதினாறில் ஒன்றுதான் வரும் என்று ஒரு பையன் டீக்கப்பிலேயே எழுதிக் காட்டினான். அப்படியானால் எவ்வளவு பிழை வரை பொறுத்துக்கொள்ளலாம்?

---

பழைய_பஸ்பாஸ்

அந்தத் தோழிக்கு என் வணக்கம். பதில்: எல்லாப் பிழைக்கும் ஈஸ்வரிதான் காரணம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பிரிக்கவே பார்க்கக் கூடாது. அப்புறம் இருவரும் சாவியைச் சுருக்கிச் சுருக்கி அவளுக்குத் தெரிந்திருக்கக்கூடியதைப் பிழிந்து எடுத்துவிடலாம். பிழை சுமார் 11 சதவீதம் வரை இது சாத்தியம் என்று ஷோரும் பிரஸ்கிலும் 2000-இல் நிரூபித்தார்கள். உங்கள் முதல் சுற்றில் 23-க்கு ஒன்று, அதாவது நாலு சதவீதச் சொச்சம். சுருக்கிப் பயன்படுத்தலாம். இரண்டாவது சுற்று 28 சதவீதம், கவரையெல்லாம் குப்பையில் போடுங்கள்.

---

கரும்பலகை

மேடையில் "தெரியாது" என்று சொன்னீர்களே, அதைச் சொல்ல எனக்குப் பல வருடம் பிடித்தது. அந்தக் கவர் ஆட்டத்தின் விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி இங்கே போடுங்கள், என் வகுப்பில் பயன்படுத்திக்கொள்கிறேன். ஒரு திருத்தம் உண்டு. அல்லியும் பாபுவும் அடிப்படைகளை ஒப்பிடுவது எல்லாக் கவரையும் அளந்து முடித்த பிறகுதான் என்று முதல் விதியிலேயே எழுதுங்கள். முன்னாலேயே சொன்னால் ஈஸ்வரிக்குக் கொண்டாட்டம்.

---

அம்பத்தூர்_ஷிஃப்ட்

லீவு கிடைக்கவில்லை. வேலை பற்றி யாராவது பேசினார்களா?

---

மூன்றாமாண்டு_முதல்பெஞ்ச்

நான்காவது பேச்சு அதுதான் அண்ணா. பஸ்பாஸ் அண்ணா எழுதியதைக் கிட்டத்தட்ட அப்படியே சொன்னோம், மெஷின் கடைகிற வரியையும் சேர்த்து. கேள்வி நேரம் பத்து நிமிடம் போதவில்லை. இரண்டு பேர் ஏற்கனவே குவாண்டம் கோர்ஸுக்குப் பணம் கட்டியிருந்தார்கள், முகம் சுருங்கிவிட்டது. அவர்களைத் தனியாகப் பார்த்துப் பேசினோம்.

மேடம், விதிகளை இன்று ராத்திரி எழுதிப் போடுகிறேன். இயற்கையாக உட்கார்ந்த பெண்தான் எழுதுகிறாள். அவளுக்குத்தான் எங்கெங்கே ஏமாற்றப் பார்த்தார்கள் என்று தெரியும்.

செலவு 13,260. அதில் பாதிக்கு மேல் சாப்பாடு. மானிட்டர் இலவசமாகக் கிடைத்தது, உரிக்கும்போது எனக்கு விரலில் இரண்டு தையல். கையுறை போடவில்லை, ரிச்சி தெரு அண்ணா திட்ட வேண்டாம். கவர் 160 மிச்சம் இருக்கிறது, போலரைசர் துண்டு ஒரு டப்பா. எந்தக் கல்லூரி மன்றத்துக்காவது வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள். கூரியர் செலவு உங்களுடையது.